எண்ணெய் வராமல் இருந்திருந்தால்: வாக்கியப் பொருளும் சாத்திய உலகங்களும்

கொருக்குப்பேட்டை வாசகன்:

"கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறது." தமிழ் தெரிந்த எல்லோருக்கும் இந்த வாக்கியம் புரியும். ஆனால் இந்த நிமிடம் கேட் மூடியிருக்கிறதா என்பது அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். ஆக, பொருள் தெரிவது வேறு, உண்மையா என்று தெரிவது வேறு. அப்படியென்றால் பொருள் தெரிந்தவருக்கு என்னதான் தெரிந்திருக்கிறது?

1921இல் வெளிவந்த டிராக்டேட்டஸ் என்ற நூலில் மெய்யியலாளர் விட்கன்ஸ்டைன் சொன்ன பதில் எனக்கு இன்றும் நிறைவாக இருக்கிறது. ஒரு கூற்று புரிகிறது என்றால், அது உண்மையாக இருக்கும் பட்சத்தில் நிலைமை எப்படி இருக்கும் என்பது தெரிகிறது. உங்களைக் கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், தடுப்புக் கம்பி இறங்கியிருப்பதைப் பார்த்து "ஆமாம்" என்பீர்கள். ஏறியிருந்தால் "இல்லை" என்பீர்கள். அந்த வாக்கியத்தின் உண்மை நிபந்தனை உங்களுக்குத் தெரியும் என்பது இதுதான்.

இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனது சாத்திய உலகங்கள் என்ற கருத்து. உலகம் இப்போது இருக்கிற மாதிரிதான் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதே நேரத்தில் கேட் திறந்திருக்கலாம். சரக்கு ரயில் தாமதமாகி, கேட்டை இன்னும் மூடாமல் இருக்கலாம். அந்த இடத்தில் தண்டவாளமே போடப்படாமல் இருந்திருக்கலாம். சின்ன விவரம் வரை எல்லாம் முடிவாகிவிட்ட இப்படிப்பட்ட முழு நிலைமை ஒவ்வொன்றையும் ஓர் உலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வாக்கியம் அந்த உலகங்களை இரண்டாகப் பிரிக்கிறது. அது உண்மையாகிற உலகங்கள் ஒரு பக்கம், பொய்யாகிற உலகங்கள் மறுபக்கம். உண்மையாகிற பக்கம் இருக்கிற தொகுதியே வாக்கியத்தின் பொருள்.

பல உலகங்களைப் பற்றி மெய்யியலாளர் லைப்னிட்ஸ் 1710லேயே எழுதினார். ஆனால் அது அவருக்குக் கடவுள் பற்றிய கேள்வி. அந்தக் கருத்தைச் சொல், வாக்கியங்களின் பொருள் பற்றிய ஆய்வுக்குக் கொண்டுவந்தவர் தர்க்கவியலாளர் கார்னாப், 1947இல். இருபது வயதுகூட நிரம்பாத கிரிப்கே 1959இல் அதற்குக் கணித அடித்தளம் போட்டார். 1970 வாக்கில் மான்டேக், நாம் பேசுகிற மொழியின் வாக்கியங்களையே இந்த முறையில் கணக்குப் போட முடியும் என்று செய்து காட்டினார்.

இதன் அழகு என்னவென்றால், தர்க்கம் தானாகவே வந்து விழுகிறது. "கேட் மூடியிருக்கிறது, மழையும் பெய்கிறது" என்றால் இரண்டு தொகுதிகளுக்கும் பொதுவான உலகங்கள். "மூடியிருக்கவில்லை" என்றால் மறுபக்கம். "கேட் காலையிலிருந்தே மூடியிருக்கிறது" உண்மையாகிற உலகம் ஒவ்வொன்றிலும் "கேட் மூடியிருக்கிறது" என்பதும் உண்மை; முதல் தொகுதி இரண்டாவதற்குள் அடங்குகிறது, அதனால்தான் ஒன்றிலிருந்து மற்றது பெறப்படுகிறது. போனில் ஒருவர் "கேட் போட்டுட்டாங்க" என்று சொன்னதும் நாம் வண்டியை வேறு வழியில் திருப்புகிறோமே, அப்போது நடப்பதும் இதுதான்: நாம் சாத்தியம் என்று வைத்திருந்த உலகங்களில் ஒரு பகுதியை அவர் அடித்துவிட்டார். மெய்யியலாளர் ஸ்டால்நேக்கர் 1978இல் எழுதிய கட்டுரையில், ஒன்றைக் கூறுவது என்ற செயலையே இப்படித்தான் விளக்குகிறார்.

பொருளின் மையம் இதுதான் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

எண்ணூர் கரைக்காரன்:

தம்பி, படித்தேன். உண்மை நிபந்தனை வரைக்கும் எனக்கு ஒப்புதல். அதற்கு மேலே எதற்கு இல்லாத உலகங்கள்? இருப்பது ஒரு உலகம். அதில் வலையில் மீன் இருக்கிறது அல்லது இல்லை. வாக்கியத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேலை முடிந்ததே.

வண்ணை டீச்சர்:

கரைக்காரன் அண்ணே, உங்கள் பக்கம் பெரிய ஆளே இருக்கிறார். 1967இல் மெய்யியலாளர் டேவிட்சன் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். தர்க்கவியலாளர் டார்ஸ்கி 1930களில் கொடுத்த உண்மைக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, ஒரு மொழியின் வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் "இது இன்ன நிலையில் உண்மை, மற்றபடி இல்லை" என்று விதிகளிலிருந்து பெற முடிந்தால் அதுவே பொருள் பற்றிய கோட்பாடு, உலகங்களை இழுக்க வேண்டாம் என்றார்.

ஆனால் இருக்கிற ஒரே உலகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு சங்கடம் வரும். "ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது" என்பது உண்மை. "எண்ணூர் கழிமுகத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிறது" என்பதும் உண்மை. இந்த உலகத்தோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். ஃப்ரேகே 1892லேயே இதைப் பார்த்துவிட்டார். உண்மை பொய் என்ற மதிப்புக்கு மேலே இன்னொன்று வேண்டும் என்று கேட்டவர் அவர். அந்த இன்னொன்றை உலகங்கள் தருகின்றன. ராயபுரத்தில் நிலையம் கட்டாமல் விட்ட உலகத்திலும் ஆறு அங்கேதான் கடலில் சேரும். அங்கே ஒரு வாக்கியம் பொய், மற்றது உண்மை. ஆகவே பொருள் வேறு.

வகுப்பில் நான் இன்னொரு இடத்தில் இதோடு முட்டிக்கொள்வேன். சொற்கள் சேர்ந்து வாக்கியமாக அவாய்நிலை (ஒரு சொல் இன்னொன்றை வேண்டி நிற்பது), தகுதி (பொருள் பொருந்துவது), அண்மை (அடுத்தடுத்து வருவது) மூன்றும் வேண்டும் என்று நம் இலக்கண மரபு சொல்கிறது. "நெருப்பால் நனைத்தான்" என்பதற்குத் தகுதி இல்லை. நனைப்பது நெருப்பின் வேலை இல்லை. சாத்திய உலகக்காரர் இதை எப்படிப் பார்ப்பார்? எந்த உலகத்திலும் உண்மையாகாத வாக்கியம், வெற்றுத் தொகுதி, அதனால் எங்கும் பொய் என்பார். நம் மரபோ, அது பொய் என்றுகூடச் சொல்லாது. வாக்கியமாகவே தேறவில்லை என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. "அவன் நெருப்பால் நனைக்கவில்லை" என்று நான் சொன்னால் சாத்திய உலகக் கணக்கில் அது எங்கும் உண்மை. காதுக்கு அப்படியா இருக்கிறது? எனக்கு இந்த இடத்தில் மரபின் பக்கம்தான் மனம் சாய்கிறது. உலகங்களைப் பிரிக்கும் வேலைக்கு முன்னால், பிரிக்கத் தகுந்த ஒன்று கையில் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது.

காசிமேடு மாலுமி மகன்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "வேண்டும்", "-லாம்" வருகிற வாக்கியங்களை ஒரே உலகத்தை வைத்துச் சமாளிக்கவே முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். "விசைப்படகுகள் கரையிலேயே இருக்க வேண்டும்" என்று அறிவிப்பு வருகிறது. யாராவது மீறிப் போனாலும் அந்த வாக்கியம் பொய்யாகிவிடாது. ஏனென்றால் அது சட்டம் பின்பற்றப்படுகிற உலகங்களைப் பற்றிப் பேசுகிறது.

இப்போது இதைப் பாருங்கள்: "அப்பா படகு இந்நேரம் வந்திருக்க வேண்டும்." துறைமுகத்தில் ஏலச் சத்தம் கேட்டு ஒருவர் இதைச் சொன்னால் ஊகம்: எங்களுக்குத் தெரிந்ததோடு ஒத்துப்போகிற உலகங்களிலெல்லாம் படகு வந்துவிட்டது. இருட்டிய பிறகு கரையில் நின்று அம்மா இதையே சொன்னால், படகு வரவில்லை. திட்டப்படி எல்லாம் நடந்த உலகங்களில்தான் வந்திருக்கிறது. சொல் மாறவில்லை, உருபு மாறவில்லை. எந்த உலகங்களைப் பார்க்கச் சொல்கிறோம் என்பது மட்டும் மாறியிருக்கிறது. மொழியியலாளர் கிராட்ஸர் 1977இல் சொன்ன விளக்கம் இதுதான். இரண்டு வேறு "வேண்டும்" இல்லை, ஒன்றுதான்; பின்னணியைச் சூழல் கொடுக்கிறது.

எண்ணூர் கரைக்காரன்:

சரி. அந்த இரண்டு "வந்திருக்க வேண்டும்" எங்கள் வீட்டிலும் கேட்டதுதான். அப்போது என் கேள்வியை வேறு மாதிரி கேட்கிறேன். இது எனக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக எங்கள் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. வலையில் கண்ணிக்குக் கண்ணி ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுக் கசக்கினாலும் முடிச்சுக்குள் இருப்பது போகாது. நாங்களே படகில் போய் வாளியில் மொண்டு எடுத்தோம். இறால் இல்லை, நண்டு இல்லை. கிடைத்த கொஞ்சத்தையும் நாற்றம் என்று வாங்க ஆள் இல்லை.

இழப்புக் கேட்டு நாங்கள் எழுதிய மனுவில் ஒரு வாக்கியம்: "எண்ணெய் வராமல் இருந்திருந்தால் எங்களுக்கு இறால் கிடைத்திருக்கும்." விசாரிக்க வந்த ஒருவர் படித்துவிட்டுச் சொன்னார்: "எண்ணெய் வந்துவிட்டதே. வராமல் இருந்திருந்தால் என்று சொல்வது கற்பனை. கற்பனைக்கு உண்மை பொய் கிடையாது." அன்றைக்கு எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அந்த வாக்கியத்துக்கு உண்மை நிபந்தனை உண்டா?

கொருக்குப்பேட்டை வாசகன்:

அண்ணே, உண்டு. உறுதியாக உண்டு. சாத்திய உலகங்களை விட முடியாது என்று நான் நம்புவதற்கு முதல் காரணமே இந்த வகை வாக்கியங்கள்தான். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இருக்கிற ஒரே உலகத்தை வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? பாடப்புத்தகத் தர்க்கத்தில் "அ என்றால் ஆ" என்ற வாக்கியம் பொய்யாவது ஒரே நிலையில்தான்: அ உண்மையாகவும் ஆ பொய்யாகவும் இருக்கும்போது. அ பொய்யாக இருந்தாலே முழு வாக்கியமும் உண்மை. "எண்ணெய் வரவில்லை" என்பது நம் உலகத்தில் பொய். ஆகவே "எண்ணெய் வராமல் இருந்திருந்தால் இறால் கிடைத்திருக்கும்" உண்மை. "எண்ணெய் வராமல் இருந்திருந்தால் இறால் கிடைத்திருக்காது" என்பதும் உண்மை! நடக்காததைப் பற்றி எதைச் சொன்னாலும் உண்மை என்று ஆகிவிட்டால், உங்களிடம் பேசியவர் சொன்னதுதான் மிஞ்சும். ஆனால் நாம் இந்த வாக்கியங்களை அப்படியா பயன்படுத்துகிறோம்? "தடுப்பூசி போட்டிருந்தால் பிழைத்திருப்பான்", "பிரேக் பிடித்திருந்தால் மோதியிருக்காது" என்றெல்லாம் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் வழக்காடுகிறோம். ஒன்று சரி, மற்றது தவறு என்று தீர்ப்பே வருகிறது.

ஸ்டால்நேக்கர் 1968லும் டேவிட் லூயிஸ் 1973லும் கொடுத்த விடை இது. எண்ணெய் வராத உலகங்கள் எத்தனையோ. எண்ணூரே இல்லாத உலகம் உண்டு, இறாலே தோன்றாத உலகம் உண்டு. அவையெல்லாம் நமக்கு வேண்டாம். எண்ணெய் வராதது தவிர மற்றபடி நம் உலகத்துக்கு மிக நெருக்கமாக இருக்கிற உலகங்களை எடுங்கள். அங்கெல்லாம் இறால் கிடைக்கிறதா? கிடைத்தால் வாக்கியம் உண்மை. கிடைக்காவிட்டால் பொய். நிபந்தனை தெளிவாக இருக்கிறது.

இந்த "நெருக்கம்" இருப்பதால்தான் இன்னொரு விஷயமும் விளங்குகிறது. "எண்ணெய் வராமல் இருந்திருந்தால் இறால் கிடைத்திருக்கும்" என்பதும், "எண்ணெய் வராமல் இருந்து, ஆனால் வலையெல்லாம் வெள்ளத்தில் போயிருந்தால் கிடைத்திருக்காது" என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். பள்ளித் தர்க்கத்தில் நிபந்தனையோடு இன்னொன்றைச் சேர்த்தால் முடிவு மாறாது. இங்கே மாறுகிறது, ஏனென்றால் வலை போன உலகங்கள் தள்ளி இருக்கின்றன; அவற்றைப் பற்றிப் பேசும்போது நாம் வேறு இடத்துக்குப் போகிறோம்.

லூயிஸ் அதே 1973இல் காரணம் என்பதையே இப்படித்தான் விளக்கினார். எண்ணெய்தான் இழப்புக்குக் காரணம் என்றால், எண்ணெய் இல்லாதிருந்தால் இழப்பும் இல்லாதிருக்கும் என்று அர்த்தம். (ஒரே விளைவுக்கு இரண்டு காரணங்கள் வரிசையில் நிற்கும்போது இதில் சிக்கல் வரும், அது தனி இழைக்கான விஷயம்.) ஆகவே, "கற்பனைக்கு உண்மை பொய் கிடையாது" என்று சொல்கிறவர், "இன்னதால் இன்னது கெட்டது" என்று எதையுமே சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். அவர் தன் அலுவலக வேலையில் ஒரு நாள்கூட அப்படி நடந்துகொள்ள முடியாது.

வண்ணை டீச்சர்:

வாசகன் சொன்னதில் சண்டை வரப்போகிற இடம் "நெருக்கம்". யார் அளப்பது? விசாரிக்க வருகிறவர் நாளைக்கே விவரமாக வேறு மாதிரி சொல்லலாம்: "எண்ணெய் வராமல் இருந்திருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும். வெள்ளத்தில் எப்படியும் உங்களுக்கு இறால் கிடைத்திருக்காது." இது முன்னதைப் போன்ற வெற்றுப் பேச்சு இல்லை. அவர் ஓர் உலகத்தைக் காட்டிப் பேசுகிறார்.

அவர் காட்டுகிற உலகத்தை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன். எண்ணெயை எடுக்கும்போது புயலையும் சேர்த்து எடுத்துவிட்டால், தேவைக்கு மேல் மாற்றிவிடுகிறோம். வெள்ளம் வந்தது நடந்த விஷயம், அதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயை மட்டும் அதன் தொட்டியிலேயே வைக்க வேண்டும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது மெய்யியல் கேள்வி இல்லை, கழிமுகத்தைப் பற்றிய கேள்வி. அதற்குப் பதில் கரைக்காரன் அண்ணனிடம்தான் இருக்கிறது.

பெரம்பூர் லோகோ:

கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். எல்லோரும் மீனைப் பற்றிப் பேசுவதால் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். "இரண்டும் இரண்டும் நான்கு" எல்லா உலகத்திலும் உண்மை. "பகா எண்களுக்கு முடிவில்லை" என்பதும் அப்படியே. இரண்டுக்கும் ஒரே தொகுதி, எல்லா உலகங்களும். அப்படியென்றால் இரண்டுக்கும் ஒரே பொருளா? முதலாவது என் தங்கைக்குத் தெரியும். இரண்டாவதை அவளுக்கு நான் யூக்ளிட் நிறுவிய விதத்தில் விளக்க வேண்டியிருந்தது.

அப்புறம், அந்த உலகங்கள் எங்கே இருக்கின்றன? அங்கே இருக்கிற எண்ணூர் நம் எண்ணூர்தான் என்று எப்படித் தெரியும்?

கொருக்குப்பேட்டை வாசகன்:

தயங்க வேண்டாம் தம்பி, இந்தக் கோட்பாட்டுக்கு வந்த கேள்விகளிலேயே கடினமானது நீங்கள் முதலில் கேட்டது. "தங்கைக்குத் தெரியும்" என்ற பேச்சை உலகங்களை வைத்து 1962இல் விளக்கியவர் ஹின்டிக்கா: அவள் அறிந்ததோடு ஒத்துப்போகிற உலகங்களிலெல்லாம் அது உண்மை. அந்தக் கணக்குப்படி எல்லா உலகத்திலும் உண்மையானது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிவதில்லை. பொருளைத் தொகுதியாக மட்டும் எடுத்துக்கொண்டால் இது தீராது. லூயிஸே 1970இல், சொற்களின் பொருள்கள் எந்த அமைப்பில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்தால்தான் முழுப் பொருள் என்று எழுதினார். நடக்கவே முடியாத உலகங்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு லூயிஸின் வழிதான் சரியாகப் படுகிறது. தொகுதி பொருளின் மையம். முழுப் பொருளுக்கு அமைப்பும் வேண்டும். டீச்சர் சொன்ன "தகுதி"யும் அந்த அமைப்பில்தான் வந்து உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு: அந்த உலகங்கள் நம் உலகம் போலவே நிஜமாக இருக்கின்றன என்று லூயிஸ் 1986இல் ஒரு முழு நூலே எழுதி வாதிட்டார். ஸ்டால்நேக்கர் அப்படி நினைக்கவில்லை; அவருக்கு உலகம் என்பது இந்த ஒரே உலகம் இருந்திருக்கக்கூடிய விதம், அவ்வளவுதான். நான் அவர் பக்கம். எண்ணூர் விஷயத்தில் கிரிப்கே 1970இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேசியது உதவும். சாத்திய உலகங்களைத் தொலைநோக்கி வைத்துக் கண்டுபிடிப்பதில்லை, நாமே வரையறுக்கிறோம் என்றார். "நம் எண்ணூர் கழிமுகம், அதில் எண்ணெய் வரவில்லை" என்று ஆரம்பித்தாலே போதும். வேறொரு கழிமுகத்தைத் தேடிப் பிடித்து, அது இதுதானா என்று சரிபார்க்கும் வேலை இல்லை.

எண்ணூர் கரைக்காரன்:

டீச்சர் கேட்டதற்குச் சொல்கிறேன். 2015 டிசம்பரிலும் பெரிய வெள்ளம் வந்தது. ஆற்றுத் தண்ணீர் சேறோடு இறங்கியது. அந்த நாட்களில் தொழில் இல்லை, அதை மறைக்க மாட்டேன். தண்ணீர் வடிந்ததும் படகு எடுத்தோம், வலை போட்டோம், இறால் வந்தது, வியாபாரி வாங்கினார். 2023இல் தண்ணீர் வடிந்த பிறகும் எங்களால் இறங்க முடியவில்லை.

வண்ணை டீச்சர்:

அண்ணே, மனுவுக்கு இதுதான் வேண்டும். எண்ணெய் இல்லாத, ஆனால் வெள்ளம் வந்த உலகம் எப்படி இருக்கும் என்பதற்கு 2015 நெருங்கிய சாட்சி. அதே கழிமுகம், அதே தொழில், அதே மாதம். வாக்கியத்தை இப்படி மாற்றலாமா: "வெள்ளம் வந்து, எண்ணெய் மட்டும் வராமல் இருந்திருந்தால், தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் தொழிலுக்குப் போயிருப்போம்." வெள்ளம் தேங்கி நின்ற நாட்களை நீங்களே கழித்துவிட்டதால், "எப்படியும் கிடைத்திருக்காது" என்று சொல்ல அவருக்கு இடம் இல்லை. "இறால் கிடைத்திருக்கும்" என்பதைவிடத் "தொழிலுக்குப் போயிருப்போம்" என்பதை நிறுவுவதும் எளிது. எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதைப் பழைய விற்பனைச் சீட்டுகள் சொல்லட்டும்.

வலையைத் தனி வாக்கியமாக வையுங்கள். இறாலோடு ஒரே வாக்கியத்தில் கோத்தால், இறால் பற்றிய சந்தேகம் வலையையும் இழுத்துக்கொண்டு போகும். வலை கறுத்தது நடந்தது, கண்ணால் காட்டலாம். வெள்ளம் வலையை அறுக்கும், அடித்துக்கொண்டு போகும், ஆனால் அதில் எண்ணெய் ஏற்றாது.

காசிமேடு மாலுமி மகன்:

வாங்க ஆள் வராததும் தனி வாக்கியம்தான் டீச்சர். மீன் கிடைத்திருந்தாலும் விற்றிருக்காது என்பது வேறு நிபந்தனை.

எண்ணூர் கரைக்காரன்:

மூன்றையும் பிரித்து எழுதுகிறேன். வலையை முதலில் வைக்கிறேன், அதற்கு எந்த உலகத்துக்கும் போக வேண்டாம். 2015 சீட்டுகள் சிலரிடம் இருக்கும், வெள்ளத்தில் நனைந்தது போக மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லோரும் கூடுவார்கள், அங்கே கேட்டு வாங்கிவிடுகிறேன். டீச்சர், எழுதி முடித்ததும் இங்கேயே போடுகிறேன், ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்.